உறுமி மேளம் வெறும் சத்தமா? ஐந்து நம்பிக்கைகளும் உண்மைகளும்

தைப்பூசம் நெருங்க நெருங்க, பினாங்கில் சுங்கை பினாங் ஆற்று வட்டாரத்தில் அந்திசாயும் நேரத்தில் உறுமி கேட்கத் தொடங்கிவிடும். இந்த ஆற்றுக்கு நீர் தரும் ஆயர் தெர்ஜுன் ஆறு, தண்ணீர்மலைப் பக்கத்து அருவியிலிருந்து இறங்கி வருகிறது. தைப்பூசத்தன்று மேளக்காரர்கள் அந்த நீர் வந்த திசையை நோக்கி, தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறிப் போகிறார்கள். ஜாலான் உத்தாமாவில் அவர்கள் பின்னால் நடந்து கேட்கும் ரசிகர்களில் நானும் ஒருவன். அந்த மேளத்தைப் பற்றி நம்மவர்களே சொல்லும் சில தவறான கருத்துகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நம்பிக்கை 1: அதில் இலக்கணம் எதுவும் இல்லை, கண்டபடி அடிக்கிறார்கள்.

உண்மை: உறுமி இடை சிறுத்த இருமுகத் தோல்கருவி. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். குச்சி தோலைப் பற்றியும் வழுக்கியும் நகரும்போது எழும் அதிர்வுதான் அந்த உறுமல். எவ்வளவு அழுத்துவது, எந்த இடத்தில் விடுவது என்பது கைக்குப் பிடிபட நீண்ட பயிற்சி வேண்டும். தவில் நடையைப் பிடித்துக்கொள்ள, ஜால்ரா காலத்தைக் காக்க, உறுமி இரண்டுக்கும் நடுவே புகுந்து விளையாடும். எழுதி வைத்த தாள் கிடையாது. முன்னால் நிற்பவர் ஒரு பார்வை பார்த்தாலோ கையை உயர்த்தினாலோ குழு முழுவதும் அடுத்த அடிக்கு மாறிவிடும். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தை ரசிப்பவர்களுக்கு இது அந்நியமான வித்தை அல்ல. வரம்புக்குள் நின்று, அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கும் மனோதர்மம் இதிலும் இருக்கிறது.

நம்பிக்கை 2: சத்தமும் வேகமும் கூடக் கூட மேளம் சிறப்பு.

உண்மை: இளம் ரசிகர்கள் பலர் இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள். நல்ல குழுவை நான் அடையாளம் காண்பது அது அடக்கி வாசிக்கும் இடத்தில். காவடி எடுப்பவர் தளர்ந்து நிற்கும்போது மேளம் தணிய வேண்டும். அவர் கால் எடுத்து வைக்கும்போது அந்தக் காலோடு சேர்ந்து எழ வேண்டும். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள். அடிவாரத்திலேயே உச்ச வேகத்தைத் தொட்டுவிட்ட குழுவிடம், பக்தருக்கு உண்மையில் துணை தேவைப்படும்போது கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு சோதனை, பாட்டை முடிக்கும் விதம். குழுவில் எல்லாரும் ஒரே அடியில் நிறுத்தினால் அது தேர்ந்த குழு. ஒவ்வொருவராக ஓய்ந்தால், அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் வாசித்திருக்கிறார்கள் என்று பொருள்.

நம்பிக்கை 3: ஒருமுறை கேட்டால் போதும், எல்லாம் ஒரே அடிதான்.

உண்மை: ஒரே குழு, ஒரே பாட்டு என்றாலும் காலையில் பால்குடத்தோடு வாசிப்பதும் இரவில் காவடியோடு வாசிப்பதும் வேறு. ஈரக் காற்றில் தோல் தளர்ந்தால் நாதமே மாறிவிடும். கூட்டம் நெருக்கினால் ஐந்து நிமிடப் பாட்டு கால் மணி நேரமாக நீளும். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு 1965 முதல் 1995 வரை இப்படித்தான் மேடையில் பாடல்களை நீட்டியும் மாற்றியும் வாசித்தது. அதன் ரசிகர்கள் ஏராளமான கச்சேரிகளைப் பதிவு செய்து, எந்த இரவு எதைவிடச் சிறந்தது என்று இன்றும் வாதிடுகிறார்கள். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த அவர்களது கச்சேரியின் பதிவு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. நம் உறுமிக் குழுக்களின் வாசிப்போ அரை நிமிடக் காணொளிகளாகக் கைப்பேசிகளில் சிதறிக் கிடக்கிறது. முழுமையாகப் பதிவு செய்து, குழுவின் பெயரும் தேதியும் இடமும் குறித்து வைத்தால், ஒப்பிட்டுப் பேச நமக்கும் ஒரு களஞ்சியம் உருவாகும்.

நம்பிக்கை 4: உறுமி அடித்தாலே சாமி வந்துவிடும்.

உண்மை: உறுமல் மயிர்க்கூச்செறிய வைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒலி மட்டுமே அருள் வரவழைக்கும் என்றால், மேளக்காரருக்கும் பக்கத்தில் நிற்கும் காவலருக்கும்தான் முதலில் வரவேண்டும். இசைக்கும் அருள்நிலைக்கும் உள்ள உறவைப் பல நாடுகளின் சான்றுகளோடு ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் கில்பெர் ரூஜே, 1980இல் வெளியான தம் நூலில் இதைத்தான் வாதிட்டார்: இசை தன் ஒலி வலிமையால் மட்டும் யாரையும் அந்த நிலைக்குத் தள்ளுவதில்லை, நம்பிக்கையும் சடங்கும் சூழலும் சேர வேண்டும். விரதம், வேண்டுதல், சுற்றத்தாரின் வேல் முழக்கம் ஆகியவற்றோடு சேர்ந்துதான் மேளம் வேலை செய்கிறது.

நம்பிக்கை 5: தைப்பூச இரைச்சலுக்கும் ரகளைக்கும் உறுமிக்காரர்களே காரணம்.

உண்மை: சாலையோரத்தில் காதைப் பிளப்பதில் பெரும்பங்கு தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளுக்கு உண்டு. உறுமிக் குழு கடந்து போய்விடும். ஒலிபெருக்கி நின்ற இடத்தில் நின்று மணிக்கணக்கில் அலறும். பக்தி மறந்து கூச்சலிடும் குழுக்களும் உண்டு, மறுக்கவில்லை. அவர்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதற்காக எல்லாரையும் ரௌடிகள் என்று முத்திரை குத்துவது அநியாயம். வேலை முடிந்து வந்து, தோளில் கனக்கும் கருவியோடு மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கும் பிள்ளைகள் இவர்கள். தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. அங்கே 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் நேரடி இசைக்குக் கட்டுப்பாடு இருந்தது. மக்கள் விடாமல் கேட்டார்கள். 2016இல் பாதையில் மூன்று இடங்களில் மரபு வாத்தியங்களுக்கு இடம் விடப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அந்த இசைக்கான ஏக்கம் தீராததையே இது காட்டுகிறது. பினாங்கில் நமக்கு அந்த இசை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அடுத்த தைப்பூசத்தில் ஜாலான் கெபுன் பூங்காவில் ஒரு குழு உங்களைக் கடக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். ஒரு பாட்டு முடியும்வரை கூடவே நடந்து, தவிலுக்கு உறுமி எப்படிப் பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். நன்றாக வாசித்தால் அந்தப் பிள்ளைகளிடமே அதைச் சொல்லுங்கள். சரியில்லை என்றாலும் சொல்லுங்கள். நல்ல ரசிகர்கள் இருக்கும் ஊரில்தான் நல்ல மேளம் வளரும்.