டிரைவர் மீது குடிபோதை வழக்கா? வக்கீல் வைக்குமுன் வணிகர்கள் அறிய வேண்டியவை

நம் கடைகளில் பலவற்றுக்கு இன்று ஒரு லோடு வண்டியாவது சொந்தமாக இருக்கிறது. விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போவதும், கடை கட்டிய பிறகு கோடவுனிலிருந்து மூட்டை ஏற்றி வருவதும் அந்த வண்டிதான். ஓர் இரவு பதினோரு மணிக்கு டிரைவரிடமிருந்து போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "அண்ணாச்சி, வண்டியை மடக்கிட்டாங்க. ஊதச் சொன்னாங்க. கேஸ் போட்டுட்டாங்க."

நம்மில் பலர் உடனே சொல்லும் பதில், "எவ்வளவு ஃபைனோ கட்டிவிட்டு வண்டியை எடுத்து வா" என்பதுதான். ஹெல்மெட் வழக்குக்கு இந்தப் பதில் சரி. குடிபோதை வழக்குக்குச் சரியல்ல. ஒரே நாளில் கணக்கை முடிக்கும் அவசரத்தில் நீண்ட நாள் நஷ்டத்தை நாமே வாங்கிக்கொள்கிறோம். அது எப்படி என்பதையும், வக்கீலை எப்படி அமர்த்துவது என்பதையும் இங்கே பார்ப்போம்.

சட்டம் சொல்வது என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவில் வருவது இந்தக் குற்றம். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்து வண்டி ஓட்டினாலும், ஓட்ட முயன்றாலும் குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும்.

சாலையிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்களின் பட்டியலில் 185ஆவது பிரிவு இல்லை. நீதிமன்றம் போயே தீர வேண்டும். "இங்கேயே முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரு பைசா கொடுக்க வேண்டாம்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அது தண்டனையாகப் பதிவாகிறது. அடுத்த முறை அகப்பட்டால் 'இரண்டாம் குற்றம்' ஆகிறது. ஓட்டுநர் உரிமத்தைப் போலீசார் கைப்பற்றி, தகுதி நீக்க நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. தகுதி நீக்கம் ஆன பிறகு அந்த டிரைவரிடமே வண்டிச் சாவியைக் கொடுத்தால், 180ஆவது பிரிவின்படி வண்டி உரிமையாளரான நம் மீதும் வழக்கு வரும். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அந்த இரவில் செய்ய வேண்டியவை

ஊத மறுக்கும்படி டிரைவருக்கு யோசனை சொல்லாதீர்கள். தக்க காரணமின்றி மறுத்தால், மறுப்பே அவருக்கு எதிரான சான்றாகும் என்று 205ஆவது பிரிவு கூறுகிறது. மறுத்தவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்யவும் முடியும்.

கருவி தரும் அச்சுச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அளவு, நேரம், இடம் மூன்றையும் குறித்து வையுங்கள். அரிஷ்டம் குடித்த கையோடு ஊதினால், வாயில் தங்கிய மது சற்று நேரம் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். நாட்டு மருந்துக் கடைக்காரர்களுக்கு இது தெரிந்ததே. அப்படி உண்மையாகவே நடந்திருந்தால், சிறிது நேரம் கழித்து மீண்டும் ஊத வைக்கும்படியும், இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்படியும் அப்போதே கேட்க வேண்டும். மறுநாள் சொன்னால் பயனில்லை.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது 202ஆவது பிரிவு. அதனால் வழக்கே போய்விடும் என்று எண்ண வேண்டாம். ஆனால் மணிக் கணக்கைக் குறித்து வைத்தால் பின்னால் வக்கீலுக்கு உதவும். இது ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்பதால், முறைப்படி ஜாமீன் கொடுத்து வெளியே வரலாம். வண்டியையும் சரக்கையும் எடுத்து வர, மது அருந்தாத, உரிமம் உள்ள ஒருவரை அனுப்புங்கள்.

எந்த வக்கீல்?

நமக்கு வரி வக்கீலைத் தெரியும். கடை வாடகை வழக்கு நடத்தும் சிவில் வக்கீலையும் தெரியும். அவர்களிடம் யோசனை கேட்கலாம்; ஆனால் வழக்கை ஒப்படைக்க வேண்டியது, அந்தக் குறிப்பிட்ட நடுவர் நீதிமன்றத்தில் தினமும் குற்ற வழக்கு நடத்துபவரிடம்தான். பருப்பு வாங்கப் போகிறவர் ஜவுளிக் கடைக்குப் போவதில்லை அல்லவா?

நீதிமன்ற வாசலில் தாமாக வந்து கையைப் பிடிக்கும் தரகரை நம்பாதீர்கள். ஆள் பிடித்து வழக்குச் சேர்ப்பது பார் கவுன்சில் விதிகளுக்கு முரணானது. "ஜெயித்தால் இவ்வளவு" என்று முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும் விதிப்படி கூடாது. ஆகவே, "கட்டாயம் விடுதலை" என்று உத்தரவாதம் தருபவரைவிட, "காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பவரே நம்பத் தக்கவர்.

நல்ல வக்கீல் முதலில் கேட்பவை இவை: கருவியின் சீட்டு எங்கே? கருவி முறைப்படி சரிபார்க்கப்பட்டதா? இரத்தம் எடுத்தார்களா, எப்போது, யார் எடுத்தார்? வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றதா? முன்பு வழக்கு உண்டா? வாய் நாற்றம், தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் வைத்து, இரத்தப் பரிசோதனை இல்லாமல் ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்ய முடியாது என 1971இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. எந்த வழக்குக்கு அது பொருந்தும் என்பதைக் காகிதம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கட்டணம் பேசும் முறை

சரக்கு விலை பேசுவது போலவே தெளிவாகப் பேசுங்கள். மொத்தத் தொகையா, வாய்தாவுக்கு இவ்வளவா? ஜாமீன் மனு அதில் சேர்ந்ததா? நகல் செலவும் குமாஸ்தா செலவும் தனியா? மேல்முறையீடு தனிக் கட்டணமா? கொடுக்கும் தொகைக்கு ரசீது கேளுங்கள். வக்காலத்தைப் படித்துப் பார்த்து டிரைவர் கையெழுத்துப் போடட்டும். எழுதாத வெள்ளைத் தாளில் வேண்டாம். வாய்தா தேதிகளைக் கடை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். ஒரு தேதி தவறினாலும் வாரண்ட் வரக்கூடும்.

வக்கீல் வைக்க வசதியில்லாத தொழிலாளிக்கு வட்டச் சட்டப் பணிகள் குழு உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்போர், குறைந்த வருமானத்தினர் ஆகியோருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். உதவி எண் 15100.

வக்கீல் யாருடையவர்?

பணம் கொடுப்பது முதலாளியாக இருந்தாலும், வழக்கு டிரைவருடையது, வக்கீலும் டிரைவருடையவர்தான். ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவரும் அவரே. "ஒத்துக்கொண்டு வா, நாளைக்கு லோடு இருக்கிறது" என்று நாம் நெருக்கக் கூடாது. நமக்கு ஒரு நாள் லோடு; அவருக்கோ உரிமம் போனால் பிழைப்பே போகிறது.

விபத்தும் சேர்ந்திருந்தால் முதலாளிக்குத் தனி வக்கீல் தேவை. காப்பீட்டு விஷயத்தில் இருவர் நலனும் எதிரெதிராகத் திரும்பக்கூடும். டிரைவர் மது அருந்தியிருந்தால் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப் பாலிசியிலேயே விதி இருக்கும். கருவிச் சோதனையோ இரத்தச் சோதனையோ இல்லாவிட்டாலும், சூழ்நிலைச் சான்றுகளை வைத்து நிறுவனம் மறுக்கலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடைசியாக ஒன்று. டிரைவர் உண்மையிலேயே குடித்திருந்தால், அதை வக்கீலிடம் மறைக்கச் சொல்லாதீர்கள். பொய்ச் சாட்சி தேடித் தருவது வக்கீலின் வேலையல்ல. சான்றுகள் சரியாக இருந்தால், முதல் தவறு, குடும்ப நிலை ஆகியவற்றை எடுத்துச் சொல்லிச் சிறை இல்லாமல் அபராதத்தோடு முடிக்க அவர் முயல்வார். விளைவுகளை அறிந்து டிரைவர் ஒப்புக்கொள்வது வேறு. நம் அவசரத்துக்காக ஒப்புக்கொள்வது வேறு.

எல்லாவற்றிலும் மலிவான வழி, வழக்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான். இரவில் சாவி கொடுக்குமுன் டிரைவரின் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுங்கள். சந்தேகம் இருந்தால் லோடு காலையில் வரட்டும். தாமதமாக வந்த மூட்டையை மறுநாள் விற்றுக்கொள்ளலாம். சாலையில் போன உயிரை எந்த வக்கீலாலும் மீட்டுத் தர முடியாது.