தண்ணீர் பாட்டிலைப் பார்

அன்புத் தங்கைக்கு,

லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மனசு நிறைந்துவிட்டது. திருப்பூரில் தைப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் தலைக்கு மேல் நிற்பது பெரும்பாலும் ஆண்கள்தான்.

போர்டில் மணிக்கு மணி எழுதும் பீஸ் கணக்கோடு, மெஷின் ஓரத்துத் தண்ணீர் பாட்டில்களையும் பார். மதியம் வரை ஒருத்தி மூடியே திறக்கவில்லை என்றால் தாகமில்லை என்று நினைக்காதே. பாத்ரூம் போக உன்னிடம் கேட்க வேண்டுமே, வருவதற்குள் பீஸ் குவிந்துவிடுமே என்ற பயம். சிறுநீர்த் தொற்று இப்படியும் வரும். பிறகு இரண்டு நாள் லீவு. காலர் வைக்கிறவள் வராவிட்டால் அவளுக்குப் பின்னால் உள்ள மெஷின்கள் எல்லாம் காத்துக்கிடக்கும். பழக்கமில்லாத ஆளை உட்கார வைத்தால் ஆல்ட்ரேஷன் ஏறும். பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போய் லைனே படுத்துவிடும்.

குடிநீரும் கழிப்பறையும் கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. முதலாளி கட்டிக்கொடுத்துவிடுவார். எழுந்து போகலாமா என்று அந்தப் பெண் பார்ப்பது உன் முகத்தைத்தான்.

தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிலக்கு வலிக்குப் பெயர்கூட அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியது 2019இல் செய்தியாக வந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் லைனில் அப்படி ஒரு மாத்திரை யார் கைக்கும் போகக்கூடாது. வலி என்றால் நர்ஸிடம் அனுப்பு, கொஞ்சம் படுக்கவிடு.

இதெல்லாம் இரக்கம், உற்பத்திக்கு உதவாது என்று மேனேஜர் சொன்னால் பெங்களூரு கதையைச் சொல். அங்கே ஆயத்த ஆடை ஆலைகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்.இ.டி. விளக்குகளை மாட்டினார்கள். கடும் வெயில் நாட்களில் வழக்கமாகக் குறையும் உற்பத்தி, அதன்பின் அவ்வளவாகக் குறையவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். தைப்பவர்களின் தலைக்கு மேல் சூடு தணிந்ததுதான் காரணம்.

நீயும் எல்லாரும் பார்க்கத் தண்ணீர் குடி. காய்ச்சலோடு வந்து நிற்காதே. நீ நின்றால் அவர்களும் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள். ஓவர்லாக், பிளாட்லாக் இரண்டும் ஓட்டத் தெரிந்த ஒருத்தியை மாற்றாளாகக் கேட்டு வாங்கு. எழுந்து போகிறவள் இடத்தில் அவள் உட்காருவாள். ஷிப்மெண்ட் நெருங்கும்போது முதலில் அவளைத்தான் வேறு லைனுக்கு இழுப்பார்கள். விட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணன்