வீட்டுக் கம்ப்யூட்டர் வேகம் குறைந்தால் என்ன செய்வது?

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு கம்ப்யூட்டராவது இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கென்று அவசரமாக வாங்கியதாக இருக்கலாம். அதற்கும் முன்பு மூத்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியதாகவும் இருக்கலாம். புதிதில் சொன்னதைக் கேட்ட அந்தக் கருவி, இப்போது பொத்தானை அழுத்திவிட்டுக் காபி டிகாக்‌ஷன் இறங்கும் வரை காத்திருக்க வைக்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பழையதாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதில் சில சமயம் சரி. பல சமயம் சரியில்லை. எது என்று தெரிந்துகொள்ளச் செய்யும் பரிசோதனைகளுக்குப் பைசா செலவு கிடையாது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ் என்பதால் அதை வைத்தே இங்கு விளக்குகிறேன்.

முதலில், மெதுவாக இருப்பது கம்ப்யூட்டர்தானா அல்லது இன்டர்நெட்டா என்று பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே சேமித்து வைத்த ஒரு புகைப்படத்தையோ கடிதத்தையோ திறந்து பாருங்கள். அது சட்டென்று திறந்து, இணையப் பக்கங்கள் மட்டும் இழுத்தடித்தால் குறை உங்கள் இணைப்பில். வை-ஃபை பெட்டியை வாசற்கதவருகே வைத்துவிட்டுக் கடைசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், ஒரு தடவை பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து சோதித்தாலே விஷயம் விளங்கிவிடும். மற்றவர்கள் மேலே படிக்கவும்.

வேறு எதிலும் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பிள்ளைகளின் முதல் பிறந்தநாள், ஊரில் நடந்த சஷ்டியப்தபூர்த்தி, இப்போது நம்மிடையே இல்லாத பெரியவர்களின் படங்கள் இவற்றையெல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து விடுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேகம் குறைவது சில சமயங்களில் ஹார்ட் டிஸ்க் உயிர் விடப் போவதற்கான அறிகுறி. தட்டில் ஓர் இடம் கெட்டுப் போனால், டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அந்த நேரமெல்லாம் நீங்கள் உறைந்துபோன திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் நின்றுவிடுகிறது, உள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது என்றால், வேகத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே படங்களைக் காப்பாற்றுங்கள். அப்படிப்பட்ட டிஸ்க்கில் டீஃபிராக், டிஸ்க் செக் போன்றவற்றை ஓட்டாதீர்கள். அவை மணிக்கணக்கில் டிஸ்க்கை வேலை வாங்கும். மிச்சமிருக்கும் உயிரும் அதிலேயே போய்விடக்கூடும்.

பிரதி எடுக்கும்போது நம்மவர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. யூனிகோடு பரவலாவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற முறைகள் வந்தன. டிஸ்கி, பாமினி என்று வேறு வகைகளும் இருந்தன. அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த கல்யாணப் பத்திரிகை, சங்க அறிக்கை, அப்பா எழுதி வைத்த குடும்ப வரலாறு ஆகியவை எல்லாம் அந்தந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருக்கும் வரைதான் தமிழாகத் தெரியும். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் எழுத்துருக்களும் போய்விடும். ஃபைல் பத்திரமாக இருக்கும், ஆனால் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். கடைக்காரருக்கு இது தெரிய நியாயமில்லை. எனவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து உங்கள் தமிழ் எழுத்துருக்களையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஃபைல்களை இப்போதே பி.டி.எஃப். ஆகவும் சேமித்துவிட்டால் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கலாம். பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி நோய் நாடுவோம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று தலைப்பிட்ட பத்திகளின் மேல் சதவிகிதம் ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் எந்த எண் உச்சத்தில் நிற்கிறது என்று ஐந்து நிமிடம் பொறுமையாகக் கவனியுங்கள். வைத்தியர் நாடி பார்ப்பது போலத்தான் இது.

பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் காணப்படுவது சி.பி.யூ. 10, 15 சதவிகிதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-இல் நிற்பதுதான். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. டிஸ்க்குக்கு ஒரு கணமும் ஓய்வில்லை என்று பொருள். ஏன் இப்படி என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம், ஏனெனில் பணம் செலவழிப்பதா வேண்டாமா என்ற முடிவு இதில்தான் இருக்கிறது.

ஹார்ட் டிஸ்க் என்பது கிராமஃபோன் இசைத்தட்டு போலச் சுழலும் தட்டு. லேப்டாப்புகளில் சாதாரணமாக நிமிடத்திற்கு 5400 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் முள்ளின் கீழ் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று நேரம் காத்திருக்க வேண்டும். முள் சரியான தடத்துக்கு நகர்வதற்கு மேலும் 10 மில்லி விநாடிக்குக் குறையாமல் ஆகும். ஆக, தட்டில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் தகவல் துண்டுகளை விநாடிக்கு அறுபது, எழுபதுக்கு மேல் அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் ஒரு முறை விழித்தெழுவதற்கோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள் தேவை. பத்து நிமிடம் ஏன் ஆகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. சாதாரண ரகமே விநாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். எட்டு, பத்து வருடப் பழைய கம்ப்யூட்டரிலும் இதைப் பொருத்தினால், பல நிமிடம் எடுத்தது அரை நிமிடத்தில் எழுந்துவிடும். என் அபிப்பிராயத்தில், பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவுகளில் இதற்கு இணையாகப் பலன் தருவது வேறில்லை.

நேரு பிளேஸுக்குப் போகுமுன் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் பொருந்துவது இரண்டரை அங்குல 'சாட்டா' எஸ்.எஸ்.டி. குச்சி போன்ற எம்.2 வகை எல்லா லேப்டாப்பிலும் பொருந்தாது. அதிலும் இரண்டு ரகம் இருப்பதால், மாடல் எண்ணைச் சொல்லி உறுதி செய்யாமல் வாங்காதீர்கள். விலை அடிக்கடி மாறுகிறது, இரண்டு மூன்று கடைகளில் விசாரிக்கலாம். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதிலுள்ள எல்லாவற்றையும் அப்படியே புதியதற்கு மாற்ற முடியும். இதற்கு 'குளோனிங்' என்று பெயர். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக் காகிதங்களும் ஆதார் நகலும் அதில்தான் இருக்கின்றன. புதிதாக விண்டோஸ் போட்டால் அதற்குத் தனி விலை என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம். முன்பு முறையான விண்டோஸ் 10 அல்லது 11 இருந்த கம்ப்யூட்டரில், அந்த உரிமம் மதர்போர்டுடன் இணைந்தே பதிவாகியிருக்கும். அதே வகை விண்டோஸைத் திரும்பப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால் தானாகவே ஏற்றுக்கொள்ளும். அண்மைக்காலத்து லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டு இடப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அதன் மீட்புச் சாவி எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

டாஸ்க் மேனேஜரில் மெமரி 85, 90 சதவிகிதத்துக்கு மேல் நின்றால் கதை வேறு. மெமரி என்பது சமையல் மேடை, டிஸ்க் என்பது ஸ்டோர் ரூம். மேடை குறுகலாக இருந்தால் ஒரு பாத்திரத்தை எடுத்து ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை வைக்க முடியும். 4 ஜி.பி. மெமரியில் விண்டோஸும் பிரவுசரும் வீடியோ அழைப்பும் ஒன்றாக ஓடினால் இதே அவதிதான். டிஸ்க்கும் 100-ஐத் தொடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், ஆகவே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 8 ஜி.பி. ஆக்கினால் வீட்டு உபயோகத்துக்குப் போதும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் எத்தனை இடம் உண்டு, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 நுழையாது. மெல்லிய லேப்டாப்புகள் சிலவற்றில் மெமரியை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அவற்றில் கூட்ட வழியில்லை.

சி.பி.யூ. உச்சத்தில் நின்றால், எந்தப் புரோகிராம் அதை விழுங்குகிறது என்பது அதே பட்டியலில் தெரியும். இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அவை ஒன்றையொன்று சந்தேகித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத்தான் வாட்டும். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே சாதாரண வீட்டுக்குப் போதுமானது. 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போய், கம்ப்யூட்டரோடு கூடவே எழுந்து உட்காரும் புரோகிராம்களில் வேண்டாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். இதனால் எதுவும் அழியாது, வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸையும் டச்பேட், ஒலி சம்பந்தப்பட்டவற்றையும் மட்டும் விட்டுவிடவும்.

வேகத்தைக் கூட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் 'பூஸ்டர்', 'கிளீனர்' புரோகிராம்களை நிறுவாதீர்கள். அவையே இன்னொரு சுமையாகிவிடும். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள் என்று திரையில் அலறும் அறிவிப்பு மோசடி. பிள்ளைகள் வேலைக்குப் போன பின் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். ஃபோனில் பேசுபவர் சொல்கிறார் என்று எதையாவது நிறுவினால், கம்ப்யூட்டரும் அதன் வழியே வங்கிக் கணக்கும் அவர் கைக்குப் போய்விடும்.

செலவே இல்லாத வைத்தியம் ஒன்றையும் பலர் அறிவதில்லை. விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' செய்தாலும் கம்ப்யூட்டர் முழுவதும் அணைவதில்லை. அடுத்த முறை விரைவாக எழுவதற்காகத் தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் தூங்கும். எனவே ஒரு மாதத்துச் சிக்கலும் கூடவே தொடர்ந்து வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருப்பது நல்லது. 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரைத் திறந்தால், வருடக்கணக்காகச் சேர்ந்த சினிமாவும் காணொளிகளும் சிரித்துக்கொண்டிருக்கும்.

எல்லா எண்களும் சரியாக இருந்தும், போட்ட பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மந்தமாகிறது, விசிறி ஓலமிடுகிறது என்றால் சூடுதான் காரணம். அளவுக்கு மேல் சூடானால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும் வெயிலும், ஆந்திப் புழுதியும் உள்ள டில்லியில் இது சென்னையைவிட அதிகம். குளிர்காலத்தில் வேறு விதம். ரஜாய் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடியிலுள்ள காற்றுத் துளைகள் அடைபட்டுப் போகும். ஒரு மரப்பலகையை அடியில் வைத்தாலே போதும். டெஸ்க்டாப்பாக இருந்தால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டலாம். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளவும், ஈரத்துணி கூடாது. லேப்டாப்பைத் திறந்து பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்துத் தூசி எடுத்து, பிராசஸர் மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லவும். அடிப்பக்கம் உப்பியோ டச்பேட் மேலெழும்பியோ இருந்தால் பாட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜ் செய்யாமல் அணைத்துவிட்டு உடனே மாற்ற வேண்டும், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு வேண்டும். இன்டெல் பிராசஸர்களில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் ஏற்கப்படும். 2017-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இதில் தேறா. அவற்றுக்காக எஸ்.எஸ்.டி. வாங்குபவர்கள், கூடவே லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தையும் யோசிக்கலாம். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் மட்டும் நிறுவினால் போதும். யூனிகோடு தமிழ் அதில் நன்றாகவே தெரியும், தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகத்தின் குறிப்பிட்ட மென்பொருளோ, விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்குப் புரோகிராமோ அவசியம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்து வராது. அவர்களுக்குப் புதிய கம்ப்யூட்டர்தான் வழி. அப்போதும் பழையதை உடனே கபாடிக்குப் போட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் பழைய படங்களைப் பெரிய திரையில் பார்க்கவும், பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சுப் பழகவும் இன்டர்நெட் இணைக்காத ஒரு கம்ப்யூட்டர் வீட்டில் இருந்துவிட்டுப் போகலாம்.