நகர மன்றத்தின் முதற்பணி

ஏப்ரல் முதல் நாளில் நகரங்களுக்குப் புதிய நிதியாண்டு பிறக்கின்றது. அதற்கு முன்னரே நகர மன்றத்தினர் கூடி, வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை ஆராய்ந்து ஒப்புதல் அளிப்பர். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை மன்றத்தின் சொந்த வருவாய். மாநில அரசு அளிக்கும் பங்குத் தொகை அதனுடன் சேரும். இவ்வாறு திரளும் பணத்துள் ஊழியரின் ஊதியம், ஓய்வூதியம், தெருவிளக்குகளின் மின்கட்டணம், குப்பை அகற்றும் செலவு, பழைய கடனுக்கான தவணை ஆகியவை போக, புதிய பணிகளுக்கு எஞ்சுவது சிறு பகுதியே. பணிகளோ மிகப் பல. 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க துறைகளாகப் பதினெட்டைக் குறிப்பிடுகின்றது. இவற்றுள் எதனை முதலிற் செய்வது என்பதே மன்றத்தின் முன் நிற்கும் பெரிய வினா.

சென்னைக்கு மேற்கே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் இவ்வினா கூர்மையுற்று நிற்கின்றது. இவை ஏரிகளைச் சூழ்ந்து வாழ்ந்த ஊர்கள். 1955ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த காங்கிரசு மாநாட்டினால் ஆவடியின் பெயர் நாடெங்கும் பரவியது. 1961இல் அங்குக் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அம்பத்தூரில் 1960களில் பெரிய தொழிற்பேட்டை எழுந்தது. வேலை நாடி வந்தோர் குடியமர, நெல் விளைந்த நிலங்கள் மனைகளாயின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்பத்தூரில் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்டோரும், ஆவடியில் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேரும் வாழ்ந்தனர். அவ்வாண்டிலேயே அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியாயிற்று. 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் அதன் 48 வட்டங்களுக்கும் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

ஊர்கள் வளர்ந்தன, நீரின் வழி மட்டும் மாறவில்லை. மேட்டில் உள்ள ஏரி நிரம்பினால், மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடித் தாழ்வில் உள்ள ஏரியை அடையும். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரியை நோக்கிச் செல்வது இம்முறைப்படியே. முன்னோர் அமைத்த இச்சங்கிலியில் ஒரு கண்ணி அடைபட்டாலும், நீர் வீடுகளுக்குள் புகும். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழை பொழிந்தபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரோ, 2019ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிகளை எதிர்நோக்கி நின்றனர். ஆதலின் ஓர் உறுப்பினர் குடிநீரே முதன்மையானது என்பார். மற்றவர் மழைநீர் வடிகாலே முதன்மையானது என்பார். இருவர் கூற்றும் பொய்யன்று.

வடிகால்தான் என முடிவு செய்தாலும், எந்தத் தெருவில் தொடங்குவது? இங்கு வாக்கு வன்மையைக் காட்டிலும் நிலத்தின் சரிவே நல்ல வழிகாட்டி. நீர் சென்று சேரும் தாழ்வான முனையிலிருந்து வேலையைத் தொடங்கி மேல்நோக்கி வருதல் வேண்டும். மேட்டுத் தெருவில் முதலில் வடிகால் கட்டி, கீழ்த் தெருவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தால், மேட்டு நீர் முழுவதும் விரைந்து வந்து கீழ்த் தெருவில் தேங்கும். ஒருவர் பெற்ற நன்மை மற்றொருவருக்குத் தீங்காய் முடியும். இவ்வாறே பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்த பின்னரே தார்ச் சாலை இடுதல் முறை. சாலையை முன்னே இட்டுப் பின்னர் வெட்டுவது, ஒரே பணிக்கு இருமுறை செலவிடுவதாகும். இக்காட்சி எந்த ஊரிலும் அரிதன்று.

தொலைநோக்குடன் முதற்பணியைத் தேர்ந்தவர் ஒருவர் சென்னை வரலாற்றில் உண்டு. 1939ஆம் ஆண்டில் தீரர் சத்தியமூர்த்தி சென்னையின் மேயரானார். அந்நாளில் மேயர் பதவி ஓராண்டுக்கே உரியது. நகரமோ குடிநீர்ப் பற்றாக்குறையால் வருந்தியது. அவ்வாண்டே இரண்டாம் உலகப் போரும் மூண்டது. போர்க்காலத்தில் பெரும்பணி கூடாது என ஆங்கில அரசு தயங்கிய வேளையில், அவர் விடாது வற்புறுத்தி இசைவு பெற்றார். நகருக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் அமைக்க 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் பணி நிறைவெய்தியது. 1943இலேயே மறைந்துவிட்ட சத்தியமூர்த்தி அதனைக் காணவில்லை. இன்று அந்நீர்த்தேக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஓராண்டே பதவியிலிருந்தவர் பல தலைமுறைகளுக்குப் பயன்படும் பணியைத் தேர்ந்தெடுத்தார் என்பது எண்ணத்தக்கது.

எனினும், மன்றம் விரும்பியவை அனைத்தும் அதன் கைக்குள் அடங்குவதில்லை. கொரட்டூர் ஏரியே இதற்குச் சான்று. அவ்வேரியில் கழிவுநீர் கலப்பது குறித்து அப்பகுதி மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு; மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு; கழிவுநீர்க் குழாய் 1978இல் தோன்றிய குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. கழிவுநீர் இணைப்பு இல்லாத வீடோ பட்டறையோ தன் கழிவை மழைநீர் வடிகாலில் விடுமாயின், அக்கழிவு ஏரியிற் போய்க் கலக்கும். வடிகாலை மட்டும் அழகுறக் கட்டினால் ஏரி தூய்மை பெறாது. குழாய் இணைப்பும் உடன் வரவேண்டும். மூன்று துறையினரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே வரைபடத்தைப் பார்த்தாலன்றி இச்சிக்கல் தீராது.

இன்னொரு தடையும் உண்டு. பூங்காவும் ஒளிவிளக்கும் எல்லார் கண்ணிலும் படும். திறப்பு விழாவுக்கும் ஏற்றவை. நிலத்தடிக் குழாயை எவரும் காண்பதில்லை. ஆதலின், காணாத பணி பின்னுக்குத் தள்ளப்படுவது எளிது. ஆயினும் எல்லாப் பூங்காவும் வீண் என்று கூறிவிட இயலாது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, 2019இல் அதன் கரையில் பூங்கா திறக்கப்பட்டது. அங்கு மக்கள் உலாவும் கரையே நீரையும் தாங்கி நிற்கின்றது.

தமிழகத்து நகரங்களில் 2022ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளாகிய உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூட்டப்பட்டன. ஒரு வட்டத்தின் சில தெருக்களில் வாழும் வாக்காளர் ஒன்றுகூடித் தம் தேவைகளை உறுப்பினரிடம் எடுத்துரைக்கும் சபை இது. எங்கள் தெருவில் நீர் தேங்குகிறது என்று மட்டும் கூறும் முறையீட்டினும், நீர் எம்மேட்டிலிருந்து வருகிறது, எக்கால்வாயில் அடைபடுகிறது, எத்தனை நாள் தேங்குகிறது என்று குறித்துத் தரும் முறையீடு பொறியாளருக்குப் பெரிதும் பயன்படும். மழை பொழியும் நாளில் தெருவில் நின்று நோக்கும் எவரும் இக்குறிப்பை எழுதித் தரலாம். வாக்குரிமை பெறும் அகவை எய்தாத மாணவரும் தம் பெற்றோர் வாயிலாக அதனைச் சபைக்கு அனுப்பலாம்.