பெப்பினோ வளர்ப்போம், சுவைப்போம்: தெமியாங் வெயிலுக்கு ஏற்ற 20 குறிப்புகள்

லயத்து வீடுகளின் பின்புறம் கத்திரி, மிளகாய், பசலை, முருங்கை இல்லாத குடும்பம் தோட்டத்தில் அபூர்வம். பால்மரம் சீவிவிட்டு வந்த கையோடு பெண்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இன்று பலரும் தெமியாங், சிரம்பான் பக்கம் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். பின்கட்டு சிமெண்டுத் தரையாகிவிட்டது. கை மட்டும் மண்ணைத் தேடுகிறது. அந்தக் கைகளுக்குப் பெப்பினோ நல்ல செடி. முலாம்பழம் என்று நினைத்து வளர்த்தால் ஏமாற்றும். கத்திரிக்குத் தங்கை என்று வளர்த்தால் காய்க்கும். கீழே உள்ள குறிப்புகளில் பல இந்த ஒரு உண்மையிலிருந்து வந்தவைதான்.

1. உறவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடையில் இதைப் பெப்பினோ முலாம்பழம் என்பார்கள். ஸ்பானிய மொழியில் பெப்பினோ என்றால் வெள்ளரிக்காய். ஆனால் இது முலாம்பழமும் இல்லை, வெள்ளரியும் இல்லை. கத்திரி, தக்காளி, உருளைக்கிழங்கு, சுண்டைக்காய், மணத்தக்காளி சேர்ந்த குடும்பம். பூவைப் பாருங்கள், கத்திரிப்பூவின் சாயல் தெரியும். பந்தல் போட வேண்டாம், கொடி ஓடாது. இரண்டு மூன்று அடி உயரப் புதராக வளரும்.

2. அதன் ஊரை நினைவில் வையுங்கள். பெப்பினோவின் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. பெருவின் பழைய மோச்சே குயவர்கள் இந்தப் பழத்தின் வடிவிலேயே பானை செய்தார்கள். நம் முன்னோரை இந்த மண்ணுக்கு வரவழைத்த ரப்பர் மரமும் அதே கண்டத்திலிருந்து, பிரேசிலிலிருந்து, 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்ததுதான். ரப்பர் சூடான காட்டு மரம், அதனால் இங்கே உடனே ஒட்டிக்கொண்டது. பெப்பினோ குளிர்ந்த மலைச்சரிவில் பழகியது. கேமரன் மலைக் காற்று அதற்குப் பிடிக்கும். தெமியாங்கில் அந்தக் குளிர்ச்சியை நாம்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

3. விதையை விடக் குச்சி நல்லது. விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. பூ இல்லாத கிளையில் 4 முதல் 6 அங்குலக் குச்சி வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த கப்பில் நடுங்கள். நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

4. வெளிநாட்டுக் குச்சியைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவராதீர்கள். செடி, விதை கொண்டுவர அனுமதி வேண்டும் என்று மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் சொல்கிறது. இது வெறும் கெடுபிடி அல்ல. பெருவில் 1974இல் பெப்பினோ செடியில் கண்டெடுத்த ஒரு வைரஸ், 1999இல் நெதர்லாந்தின் தக்காளிப் பண்ணைகளில் தலைகாட்டியது. பிறகு பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஒரு குச்சியோடு ஊர்த் தக்காளிக்கே நோய் வரலாம். உள்ளூர் நாற்றங்கால்களில் கேட்டு வாங்குங்கள்.

5. நிலத்தை விடப் பாலிபேக். 16 அங்குலப் பாலிபேக் ஒன்று ஒரு செடிக்குப் போதும். வெயில் ஏறினால் நகர்த்தலாம், மழை அடித்தால் தாழ்வாரத்துக்குள் இழுக்கலாம். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் அல்லது கருக்கிய உமி ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். கீழே துளைகள் தாராளமாக இருக்கட்டும்.

6. நம் செம்மண் புளிப்பு மண். மழை அதிகம் பெய்யும் இந்தப் பக்கத்து மண்ணில் சுண்ணாம்புச் சத்து கரைந்து போய்விடும். ஒரு பைக்கு ஒரு கைப்பிடி விவசாயச் சுண்ணாம்பு கலந்து, ஈரப்படுத்தி, இரண்டு வாரம் ஆறவிட்டு நடுங்கள். கோழிச் சாணத்தைச் சுண்ணாம்போடு ஒரே நாளில் போடாதீர்கள். சத்து ஆவியாகப் போய்விடும்.

7. காலை வெயில் போதும். வீட்டின் கிழக்குப் பக்கம்தான் இதற்கு இடம். பன்னிரண்டு மணிவரை வெயில் விழட்டும், அதன் பிறகு சுவர் நிழல் வரட்டும். கிழக்குப் பக்கம் இல்லாதவர்கள் கறுப்பு வலை கட்டுங்கள். சிமெண்டுத் தரையில் பையை நேரே வைக்காமல் இரண்டு செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். சூடேறிய தரை இரவு நேரத்திலும் வேரை வேகவைக்கும்.

8. பூக்கும் மாதத்தைக் கணக்குப் போட்டு நடுங்கள். செடி வளர்ப்பது சுலபம், சூட்டில் காய் நிற்பதுதான் கடினம். எனவே ஆகஸ்ட், செப்டம்பரில் குச்சி நட்டால் ஆண்டுக் கடைசியில் பூக்கும். அப்போதுதான் நமக்கு இரவில் சற்றுக் குளிர் தட்டும். மார்ச், ஏப்ரல் வெயிலில் பூக்கும்படி நட்டால் பூ வெறும் அலங்காரமாகத்தான் நிற்கும்.

9. பூ உதிர்ந்தால் செடியைப் பிடுங்காதீர்கள். என் முதல் செடி இரண்டு மாதம் பூத்துப் பூத்துக் கொட்டியது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போட்டேன், இலைதான் பெருத்தது. குறை உரத்தில் இல்லை, சூட்டில் இருந்தது. அதிகச் சூட்டில் மகரந்தம் பலமிழக்கும், காய் பிடிப்பது குறைந்துவிடும். பையை மேற்குச் சுவரிலிருந்து கிழக்குத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன், தரையில் மாலைதோறும் தண்ணீர் தெளித்தேன். அடுத்த கொத்தில் இரண்டு பிஞ்சு நின்றது. அந்த இரண்டைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது.

10. பூக்கொத்தைத் தட்டிவிடுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கு விரலால் காம்பை மெல்லச் சுண்டினால் மகரந்தம் உதிர்ந்து சூல்முடியில் விழும். பெப்பினோ மகரந்தம் இல்லாமலும் சில காய் பிடிக்கும். ஆனால் தட்டிவிட்டால் அதிகம் நிற்கும். காற்றாடாத தாழ்வாரத்தில் வளர்ப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

11. தழைச்சத்தை அடக்குங்கள். கோழிச் சாணம், யூரியா அதிகமானால் செடி காடாகும், காய் வராது. நட்ட ஒரு மாதத்துக்கு மக்கிய உரம் போதும். மொட்டு தெரிந்ததும் சாம்பல்சத்து உள்ள உரத்துக்கு மாறுங்கள். விறகு எரித்த சாம்பல் இருந்தால் மாதம் ஒரு சிறு கை, தண்டில் படாமல் பையின் ஓரத்தில் தூவினால் நல்லது.

12. தண்ணீர் சீராக இருக்கட்டும், தட்டில் தேங்கக் கூடாது. வேர் மேலோட்டமானது, ஒரு நாள் காய்ந்தாலும் வாடும். காலையில் ஊற்றி, வெயில் கடுமையான நாளில் மாலையிலும் கொஞ்சம் தெளியுங்கள். பைக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் தினமும் கவிழ்த்துவிடுங்கள். ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலோடு அபராதமும் வீடு தேடி வரும்.

13. கொம்பு நடுங்கள், அடியில் புல் பரப்புங்கள். காய் கனத்தால் கிளை தரையில் சாயும். மூங்கில் குச்சி நட்டுப் பழைய துணியால் தளர்வாகக் கட்டுங்கள். அடியில் காய்ந்த லாலான் புல் பரப்பினால் ஈரமும் நிற்கும், காயில் மண்ணும் தெறிக்காது. லாலான் பூ விடுவதற்கு முன் அறுத்ததாக இருக்கட்டும்.

14. திடீர் வாடலைக் கண்ணாடித் தம்ளரில் சோதியுங்கள். பச்சையாக இருந்த செடி ஒரே நாளில் தொங்கிவிட்டதா? தண்டின் அடிப்பகுதியை வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் போல வெள்ளையாக வடிந்தால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் பையோடு கட்டி அப்புறப்படுத்துங்கள். கத்தியைக் கொதிநீரில் கழுவுங்கள். கத்திரி, தக்காளி, மிளகாய் இருந்த மண்ணில் பெப்பினோவை நடவே வேண்டாம். ஒரே குடும்பம், ஒரே நோய்.

15. இலையின் அடியைப் பாருங்கள். வெள்ளை ஈ, அசுவினி, செஞ்சிலந்தி எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில துளி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடியில் அடியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். மழைக்காலத்தில் நத்தை வரும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள். அதிலிருந்தும் வைரஸ் ஒட்டும்.

16. காய்க்குச் சட்டை போடுங்கள். பழ ஈ ஒரு துளை போட்டால் உள்ளே புழுதான் மிஞ்சும். எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பையோ மெல்லிய வலைத்துணிப் பையோ மாட்டிக் காம்பில் கட்டுங்கள். கொய்யாவுக்குச் செய்வதைப் போலத்தான்.

17. அவசரப்பட்டுப் பறித்தால் வெள்ளரிக்காய்தான் கிடைக்கும். பூவிலிருந்து பழுக்க ஒன்று முதல் இரண்டரை மாதம்வரை ஆகும். மூன்று அடையாளங்களும் சேர வேண்டும்: பச்சை மாறித் தோல் இளமஞ்சளாகி ஊதாக் கோடுகள் தெளிவாகத் தெரியும்; விரலால் மெல்ல அழுத்தினால் சற்றே அமுங்கும்; மூக்கருகே வைத்தால் மணக்கும். நிறம் வந்து மணம் வரவில்லை என்றால் இரண்டு நாள் பொறுங்கள். பறிப்பதற்கு முந்தைய வாரம் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் இனிப்பு கூடும். காம்போடு வெட்டுங்கள், கீழே போடாதீர்கள். இந்தப் பழம் சீக்கிரம் அடிபடும்.

18. முதல் பழத்தை மூன்று விதமாகச் சுவையுங்கள். ஒரு மணி நேரம் குளிரவைத்து, தோல் சீவி, நடுவில் உள்ள விதையை வழித்துவிடுங்கள். முதல் துண்டை வெறுமனே சாப்பிடுங்கள்: தேன் முலாம்பழத்தின் மணமும் வெள்ளரியின் குளிர்ச்சியும் சேர்ந்து வரும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதனால் சர்க்கரை போல் இனிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் துண்டில் லீமாவ் கஸ்தூரி பிழிந்து, அசாம் போய்த் தூள் தூவுங்கள். மூன்றாவதை ஊர் வெள்ளரிப்பழம் போல நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுப் பிசையுங்கள். வீட்டில் ஆளுக்கொன்று பிடிக்கும்.

19. பழுக்காததையும் வீணாக்காதீர்கள். காற்றில் விழுந்த காயைப் பூசணி போலக் கூட்டு வைக்கலாம். பாசிப்பருப்பும் தேங்காயும் அதற்கு நன்றாகச் சேரும். அரைப்பழத்தைப் பொடியாக நறுக்கித் தயிர்ப் பச்சடி செய்யலாம். இலையையும் தண்டையும் சமைக்கக் கூடாது. முதன்முறை சாப்பிடுபவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திப் பாருங்கள். வாய் அரித்தால் விட்டுவிடுங்கள். வைட்டமின் சி உள்ள நல்ல பழம், அவ்வளவுதான். எந்த நோய்க்கும் மருந்தென்று நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

20. ஒரு குச்சியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். காய்ப்பு முடிந்ததும் கிளைகளைப் பாதியாக வெட்டி, நல்ல குச்சிகளை வேர் பிடிக்க வையுங்கள். ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். லயத்தில் கறிவேப்பிலைக் கன்றும் பசலைக் குச்சியும் வேலி தாண்டிப் போனது அன்பினால் மட்டுமல்ல. நம் செடி ஒரு மழையில் வாடிப்போனால், அடுத்த வீட்டில் அதே செடி உயிரோடு நிற்கும்; அந்த வீட்டு அக்காவிடம் ஒரு குச்சி கேட்டு மறுபடி நட்டுக்கொள்ளலாம்.