ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு கேள்வி

தங்கச்சி, கர்ப்பப்பையை எடுக்கணும்னு டாக்டர் சொன்னதா போன்ல அழுதியே, அதுக்குத்தான் இதை எழுதுறேன். கூடவே சினைப்பையையும் எடுப்பாங்களான்னு முதல்ல கேளு. எடுக்க வேண்டிய காரணம் சில பேருக்கு இருக்கும். ஆனா அந்தக் காரணம் உனக்குத் தெரியணும். நம்ம அம்மாவுக்கு 36 வயசுல ஆபரேஷன் நடந்தப்ப யாருமே கேட்கலை. 48 வயசுல போடிமெட்டு ஜீப்புல ஏறுறப்ப வழுக்கி, கையை ஊனினதுக்கே மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு.

எலும்புக்குள்ள கட்டுற செல்லும் இருக்கு, அரிக்கிற செல்லும் இருக்கு. 'ரேங்க்எல்'ங்கிற புரதம் போய் உசுப்பினாத்தான் அரிக்கிற செல் உருவாகும். அந்தப் புரதத்தை மடக்கிப் பிடிக்க 'ஓபிஜி'ன்னு இன்னொண்ணு இருக்கு. சினைப்பையில சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் முதலாவதை அடக்கி, ரெண்டாவதைக் கூட்டிவிடும். ஈஸ்ட்ரோஜன் நின்னா அரிக்கிற கைதான் ஓங்கும். 45 வயசுக்கு முன்னாடியே தூரம் நின்னவங்களும், சினைப்பையை எடுத்தவங்களும் எலும்பு அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுடணும்.

அடுத்தது வெயில். நீ காய் எடுக்கிற ஏலத்தோட்டம் பூரா மர நிழல். இங்க போடியில காய் பொறுக்குற நாங்க கூரைக்குள்ள. விட்டமின் டி இல்லாம கால்சியம் உடம்புல சரியா ஏறாது. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா, கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைச்சு அதை ஈடுகட்டும். லீவு நாள்ல 11 மணி வெயில் கொஞ்ச நேரம் கையிலயும் கால்லயும் படட்டும். ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும், தூரம் நின்னவங்களுக்கு 1200. நூறு கிராம் கேழ்வரகுல சுமார் 350 இருக்கு. கூழை விட்டுடாதே.

மூட்டுவலிக்குன்னு பேர் தெரியாத மாத்திரை வாங்கிப் போடாதே. அதுல ஸ்டீராய்டு இருந்தா கட்டுற செல்லையே சாகடிக்கும். ரொம்ப நாளா போட்டுக்கிட்டிருந்தா மட்டும் திடீர்னு நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்படிதான் குறைக்கணும்.

சரிவுல ஏறி இறங்குறது உன் எலும்புக்கு நல்லதுடி. பாரம் விழ விழ, கட்டுற வேலையைத் தடுக்கிற 'ஸ்கிளிரோஸ்டின்' குறையும். உட்கார்ந்தே பொறுக்குற எனக்குத்தான் சாயங்காலம் தனியா நடக்கவேண்டியிருக்கு.

அம்மாவோட பழைய டிஸ்சார்ஜ் சீட்டு டிரங்குப் பெட்டியில, கல்யாணச் சேலைக்கு அடியில இருக்கும். ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா. சினைப்பை பத்தி என்ன எழுதியிருக்குன்னு சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்.