கெரான் இல்லாத தோட்டம்

இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம்: ஊர் வளரும்போது விவசாயி எதை இழக்கிறார்?

லெம்பா பெர்த்தாமில் என் மாமா முட்டைக்கோஸ் போடுகிறார். "ரோடு, ஹோட்டல்னு வந்தா உங்க நிலத்துக்கு நல்ல நஷ்டஈடு கிடைக்கும்தானே மாமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, கெரான் யாருகிட்ட இருக்கு? நமக்கு டி.ஓ.எல். தானே!"

டி.ஓ.எல். என்பது அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது அந்த வருடக் கடைசியோடு காலாவதியாகும். பிறகு புதுப்பிக்க வேண்டும். வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். முப்பது வருடம் உழைத்தாலும் அது கெரான் ஆகாது.

கெரான் இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை பினாங்கு கம்போங் புவா பாலாவில் பார்த்தோம். மாடு, ஆடு வளர்த்து வாழ்ந்த தமிழர் கிராமம் அது. சுற்றிலும் நகரம் வளர்ந்தது. அந்த நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனது. கூட்டரசு நீதிமன்றம் வரை போராடியும் பலனில்லை. 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன. பதிலுக்கு இரட்டை மாடி வரிசை வீடுகள் தர ஏற்பாடானது. சரி, வீடு கிடைத்தது. மாட்டை எங்கே கட்டுவது?

இதுதான் பாடத்தின் மையம். வீட்டுக்கு வீடு கொடுக்கலாம். தொழிலுக்குத் தொழில் கொடுப்பது அவ்வளவு சுலபமில்லை. மாமாவுக்குத் தெரிந்தது இந்தக் குளிரில் விளையும் காய்கறி. ஈப்போவில் வீடு கொடுத்தால் அந்த அனுபவம் அங்கே சோறு போடுமா? உரக் கடனும், காய் எடுக்கும் தவுக்கேயோடு உள்ள பழக்கமும் எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வராது.

பாதிப்பு ஒரு குடும்பத்தோடு நிற்பதுமில்லை. சமநிலத்தைக் கட்டடம் எடுத்துக்கொண்டால் விவசாயி சரிவில் ஏறி மண்ணை வெட்டுவார். மழை அந்த மண்ணை ஆற்றுக்குக் கொண்டுவரும். மேலே விவசாயத்துக்கும் கட்டுமானத்துக்கும் வெட்டிய மண் ரிங்லெட் அணை ஏரியில் சேர்ந்து, தண்ணீர் தேங்கும் இடம் குறைந்துபோனது. 2013 அக்டோபரில் கனமழையில் அணையைத் திறந்தபோது வெள்ளம் நம் பெர்த்தாம் பள்ளத்தாக்கில்தான் புகுந்தது. உயிர்களும் போயின.

வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் நாளைக்குக் கட்டடம் கட்டப்போகிற பொறியியல் மாணவன்தான். ஆனால் வரைபடத்தில் 'காலி நிலம்' என்று எழுதுவதற்கு முன், அங்கே யாருடைய அடுப்பு எரிகிறது என்று கேட்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள நிலக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அது கெரானா, டி.ஓ.எல்.லா? யார் பெயரில்? எந்த வருடத்தது? தாத்தா பெயரில் இருந்து, தாத்தா இப்போது இல்லையென்றால், தள்ளிப்போடாமல் நில அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். அடுத்த வகுப்பில் நீங்கள் கண்டதைப் பேசுவோம். மண்வாரி வந்து நின்ற பிறகு காகிதம் தேடிப் பயனில்லை.